திருத்திக்கொள்ளாத அறிவிப்பாளர்



இதை எழுதலாமா, வேண்டாமா என்று நெடுநாள் தயங்கினேன். அல்லாஹ் மறைத்து வைத்த குற்றத்தை அடியான் தானே வெளிப்படுத்துவது கூடாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துபவன் நான். ஆயினும் நான் சொல்லப்போவது மறைந்திருந்த குற்றமன்று. பலரும் பார்க்க நான் செய்தது. நாற்பத்தொரு பேர் அதை என்னிடமிருந்து எடுத்து வேறிடங்களுக்குக் கொண்டு சென்றார்கள். ஊரறிந்ததை ஊரறியச் சொல்வதில் தடையில்லை என்று கருதியே எழுதுகிறேன்.

2020 மார்ச் இறுதி வாரம் உங்கள் அனைவருக்கும் நினைவிருக்கும். ஊரடங்கு தொடங்கிவிட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் இமாமும் முஅத்தினும் இன்னும் ஓரிருவரும் மட்டுமே ஜமாஅத்தாகத் தொழுதனர். பாங்கு ஒலித்ததும் வாசலுக்கு வந்து நின்று, பள்ளியின் பக்கம் பார்த்துவிட்டு, மீண்டும் வீட்டிற்குள் சென்ற முதியவர்களை நான் கண்டேன். மாலை மத்ரஸாவும் மூடப்பட்டது. என் மைத்துனர் வளைகுடாவிலிருந்து கொண்டு வந்து தந்திருந்த கைப்பேசியில் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேருக்கு மட்டும் குரல் பதிவுகளாகப் பாடம் அனுப்பி வந்தேன். அதுவரை கைப்பேசி எனக்குத் தொழுகை நேரம் பார்க்கவும், உறவினர் மவ்த்துச் செய்தி அறியவும் மட்டுமே பயன்பட்டது.

அந்த நாட்களில்தான் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸ் பற்றிய செய்தி வந்தது. ஒவ்வொரு மாலையும் சுகாதாரத் துறை எண்ணிக்கை வாசிக்கும்போது அதில் எத்தனை பேர் டெல்லி சென்று திரும்பியவர்கள் என்பதும் வாசிக்கப்பட்டது. இரவு முழுவதும் தொலைக்காட்சி விவாதங்களில் அதே பேச்சு. என் அத்தா காது மந்தமானவர். ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்பார். அந்த வார்த்தைகள் சுவரைத் தாண்டி, நான் ஓதிக்கொண்டிருக்கும் அறைக்குள் வந்து விழும். முஸ்லிம்கள் உணவுப் பாத்திரங்களை நாவால் நக்கி நோயைப் பரப்புகிறார்கள் என்று ஒரு காணொளி பரவியதே, நினைவிருக்கிறதா? கொரோனா நோய் வருவதற்கு முன்பே எடுக்கப்பட்டது அது. தாவூதி போரா சமூகத்தார், உணவின் ஒரு பருக்கையும் வீணாகக் கூடாது என்பதற்காகத் தட்டை வழித்து உண்ட காட்சி. நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த ஒழுக்கம் ஒன்று நோய் பரப்பும் சதியாக மாறி, எங்கள் தெருக் குழுக்களுக்கே வந்து சேர்ந்தது.

எங்கள் தெருவில் தள்ளுவண்டியில் பழம் விற்கும் சகோதரர் ஒருவர் இருக்கிறார். இருபது ஆண்டுகளாகச் சுற்று வட்டாரக் கிராமங்களுக்குச் செல்பவர். ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு நாள் காலை பத்து மணிக்கே வண்டி நிறையக் கொய்யாவுடன் திரும்பி வந்தார். ‘கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வர வேண்டாம் பாய்’ என்று ஒரு கிராமத்தில் சொல்லிவிட்டார்களாம். சொன்னவர்கள் கோபமாகச் சொல்லவில்லையாம், சங்கடத்தோடுதான் சொன்னார்களாம். அதுதான் தன்னை அழ வைத்தது என்றார். அன்று மாலை அந்தக் கொய்யாக்களை நாங்கள் தெருவில் உள்ளவர்கள் பங்கு போட்டு வாங்கிக்கொண்டோம்.

அன்றிரவு இஷா தொழுதுவிட்டு முகநூலில் ஒரு விவாதக் காணொளியின் கீழ் முதன்முறையாக எழுதினேன். கோபத்தில் எழுதினேன் என்றாலும் எழுதியவை சரியானவையே. அந்தப் பாத்திரக் காணொளி பழையது என்பதை விளக்கினேன். காலையில் எழுந்து பார்த்தபோது முந்நூறு பேர் அதற்கு விருப்பம் தெரிவித்திருந்தார்கள். ‘மாஷா அல்லாஹ் ஹஜ்ரத்’, ‘சரியான சவுக்கடி’ என்றெல்லாம் கீழே எழுதியிருந்தார்கள். சுப்ஹுத் தொழுகைக்கு முன்பே அதைப் பார்த்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒளூச் செய்யும்போது மனத்தில் அந்த முந்நூறு பேர்தான் இருந்தார்கள்.

அதன் பிறகு அது அன்றாட வழக்கமாயிற்று. அரசியல் பேசினேன். முத்தலாக் பேசினேன். சின்னத்திரைத் தொடர்களில் முஸ்லிம் பாத்திரம் வந்தால் ஏன் தொப்பியும் சுர்மாவும் ‘நம்பள் நிம்பள்’ பேச்சுமாகவே வருகிறார் என்று பேசினேன். ‘நீங்கள் தமிழர்களா?’ என்று எவரேனும் கேட்டுவிட்டால் எனக்குப் பெருநாள்தான். உமறுப்புலவர், சீறாப்புராணம், அவரை ஆதரித்த சீதக்காதி, குணங்குடி மஸ்தான் சாகிபு, நம் முன்னோர் அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள், நம் காலத்தில் கம்பனில் ஊறித் திளைத்த நீதிபதி மு.மு. இஸ்மாயில் என்று அடுக்குவேன். கேட்டவர் பெரும்பாலும் ஓடிவிடுவார். ஓடுகிறவரைப் பார்ப்பதில் ஓர் இன்பம் இருக்கிறது. அந்த இன்பத்தைப் பற்றி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில், நாவின் ஆபத்துகளை விவரிக்கும் பாகத்தில் எழுதியிருப்பதை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். பிறருக்கு விளக்கியும் இருக்கிறேன். நம்முடைய பேச்சு உண்மையாக இருக்கும்போதுதான் அந்த ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

நம்மவர்கள் நம்மவர்களோடு மோதும் கதை தனி. மவ்லிது, பிறை, தராவீஹ் எண்ணிக்கை என்று அங்கே நடப்பதை எழுத இந்தக் கட்டுரை போதாது. பிற சமயத்தார் நம்மைத் திட்டும் சொற்களைவிட நாம் ஒருவரையொருவர் திட்டும் சொற்கள் கூர்மையானவை என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன்.

என் எதிராளிகளில் ஒருவர் நிலையானவர். அவருடைய பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. முகப்பில் ஒரு காங்கேயம் காளையின் படம் இருக்கும். மற்றவர்கள் வசை பாடிவிட்டுப் போய்விடுவார்கள்; இவர் கேள்வி கேட்பார். அதனாலேயே இவர்மீது எனக்குக் கோபம் அதிகம். ஒரு நாள் திரைப்படங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. நம்மைப் பயங்கரவாதிகளாகவே காட்டுகிறார்கள் என்று எழுதி, விஸ்வரூபம் படத்தை எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டேன். அவர் ஒரே வரியில் கேட்டார்: “நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்தீர்களா?”

2013 ஜனவரியில் அந்தப் படத்திற்கு எதிராக முஸ்லிம் அமைப்புகள் திரண்டதும், மாவட்டந்தோறும் தடை உத்தரவு பிறப்பிக்கப்பட்டதும், சில இடங்களில் மாற்றம் செய்ய ஒப்புக்கொண்ட பின் பிப்ரவரி 7 அன்று தமிழ்நாட்டில் படம் வெளியானதும் நீங்கள் அறிந்தவை. அந்த நாட்களில் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு நானும் அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். படத்தை அப்போது பார்க்கவில்லை. அதன் பின்னரும் பார்க்கவில்லை. பார்த்தவர் சொன்னதாக ஒருவர் சொன்னதைக் கேட்டுத்தான் பேசினேன். காளைப் படக்காரரின் கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. ‘பேச்சை மாற்றாதீர்கள்’ என்று எழுதிவிட்டு, நானே பேச்சை மாற்றினேன்.

வீட்டில் இதன் விலை வேறு விதமாகத் தெரிந்தது. ஒரு நள்ளிரவு, இரண்டு மணியைத் தாண்டியிருக்கும். கைப்பேசி வெளிச்சத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். துணைவியார் விழித்துப் பார்த்துவிட்டு, “தஹஜ்ஜுத்துக்கு எழுப்பினா இடுப்பு வலிங்கிறீங்க. அந்த மாட்டுப் படக்காரனுக்குன்னா இடுப்பு வலிக்கலையா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சகோதரிகள் இதை வாசித்துச் சிரிக்கலாம். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

அத்தாவின் வாதங்களை நினைத்துப் பார்த்தேன். அவர் ஜவுளி மூட்டையைச் சைக்கிளில் கட்டி ஊர் ஊராக விற்றவர், எம்.ஜி.ஆர். கட்சி. அவருடைய நண்பர் ஒரு தமிழாசிரியர், கலைஞர் கட்சி. இருவரும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஒரே தேநீர்க் கடையின் பெஞ்சில் அமர்ந்து சண்டையிட்டார்கள். கடைக்கு வருவது ஒரே ஒரு தினத்தந்தி. அதைத் தாள் தாளாகப் பிரித்து வாசிப்பார்கள். முதல் பக்கம் வாத்தியாரிடம் இருந்தால், அவர் வாசித்து முடித்துக் கையில் தரும்வரை அத்தாவால் அந்தச் செய்தியைப் பற்றி வாய் திறக்க முடியாது. திறந்தால் “படிச்சுட்டுப் பேசுங்க பாய்” என்று வாத்தியார் மடக்கிவிடுவார். சிறுவனாக நான் அந்தப் பெஞ்சின் முனையில் உட்கார்ந்து வர்க்கியைத் தேநீரில் நனைத்துத் தின்றிருக்கிறேன். அவர்கள் நல்லவர்களாக இருந்ததால் நாகரிகமாகச் சண்டையிட்டார்கள் என்று எண்ணியிருந்தேன். உண்மையில் இருவருமே வாய்த்துடுக்கானவர்கள். ஒருவரையொருவர் கேலி செய்வதில் எல்லை பார்த்ததில்லை. ஆனால் செய்தித்தாள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இருவரும் அதையே வாசித்தாக வேண்டும். ஒருவர் வாசிக்க மற்றவர் காத்திருந்தாக வேண்டும். எனக்கும் காளைப் படக்காரருக்கும் அப்படி ஒரே தாள் இல்லை. அவர் கைப்பேசிக்கு வருவது எனக்கு வராது. எனக்கு வருவது அவருக்கு வராது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

ரமலானுக்குச் சில நாட்களே இருந்தன. ஊரடங்கை மீறுபவர்கள் முஸ்லிம்கள் மட்டுமே என்ற பொருள்பட ஒருவர் எழுத, என் இரத்தம் கொதித்தது. அந்த நேரம் பார்த்து ஒரு குழுவில் ஒரு படம் வந்தது. கோயில் திருவிழா ஒன்றில் தேர் இழுக்கும் பெருங்கூட்டம். ‘நேற்று நடந்தது, இதை எந்தத் தொலைக்காட்சியும் காட்டாது’ என்று அதன் கீழ் எழுதியிருந்தது. அதை அப்படியே எடுத்து, ‘இவர்களுக்கு நோய் வராதா?’ என்று கேட்டு என் பக்கத்தில் பதிந்தேன். நாற்பத்தொரு பேர் அதைப் பகிர்ந்தார்கள்.

மறுநாள் அஸருக்குப் பிறகு காளைப் படக்காரர் அதே படத்தின் ஒரு மூலையை மட்டும் பெரிதாக்கிக் கீழே இட்டிருந்தார். மின்கம்பத்தில் கட்டியிருந்த ஒரு விளம்பரப் பதாகை. அதில் 2018 என்ற ஆண்டு தெளிவாகத் தெரிந்தது. வேறொன்றும் அவர் எழுதவில்லை.

நான் பதிவை நீக்கினேன். மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. நீக்கியதும் மூச்சு சீரானது. தவறைச் சரிசெய்துவிட்டதாகவே நம்பினேன்.

அன்றிரவு மத்ரஸாக் குழுவில் பயிலும் பதின்மூன்று வயது மாணவர் ஒருவரிடமிருந்து எனக்குத் தனியே ஒரு குரல் பதிவு வந்தது. அவருடைய அண்ணன் என் பக்கத்தைப் பார்ப்பவர் போலும். அந்த வாரம்தான் ஹதீஸ் அறிவிப்பாளர்களைப் பற்றிய தொடக்கப் பாடத்தை நடத்தியிருந்தேன். எவர் அறிவிப்பு ஏற்கப்படும், எவருடையது தள்ளப்படும் என்ற பாடம். பிள்ளை மிக மரியாதையாகத்தான் பேசினார்: “ஹஜ்ரத், அந்தத் தேர்ப் படம் தப்பான படமாமே. அழிச்சிட்டீங்கன்னு அண்ணன் சொன்னாரு. ஒரு அறிவிப்பாளர் தப்பா அறிவிச்சு, அது தப்புன்னு அவருக்குத் தெரிஞ்ச பிறகு சும்மா இருந்தா, அவரோட மத்த ஹதீஸை எல்லாம் எடுப்பாங்களா, மாட்டாங்களா?”

அந்தப் பிள்ளை என்னைக் குத்திக்காட்ட நினைத்தாரா, உண்மையாகவே ஐயம் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் துணியவில்லை. ‘அது ஹதீஸுக்கு உள்ள சட்டம், இது உலக விஷயம்’ என்று பதில் அனுப்பிவிட்டேன். அனுப்பிய பின்புதான் உறக்கம் போயிற்று.

அலமாரியிலிருந்து இப்னு ஸலாஹ் (ரஹ்) அவர்களின் உலூமுல் ஹதீஸை எடுத்தேன். ஹிஜ்ரி 643-இல் மறைந்த அந்த இமாம் இந்தக் கேள்வியைத் தம் நூலில் எடுத்துப் பேசியிருக்கிறார். தவறுவது மனித இயல்பு. தவறியதற்காக மட்டும் எவரையும் தள்ளுவதில்லை. ஆனால் தவறு எடுத்துக்காட்டப்பட்ட பிறகும் அதிலிருந்து மீளாமல் இருப்பவருடைய அறிவிப்புகள் விழுந்துவிடும் என்று இப்னுல் முபாரக், அஹ்மத் இப்னு ஹன்பல், ஹுமைதீ போன்றோர் கருதியதாக அவர் எடுத்துரைக்கிறார். பிடிவாதத்தால் மீளாமல் இருந்தால் இந்தத் தீர்ப்பு பொருந்தும் என்ற தம் கருத்தையும் சேர்க்கிறார். அந்த இடத்தைக் கண்டதும், ஒரு வழக்கறிஞர் ஓட்டையைக் கண்டதுபோல் நான் மகிழ்ந்தேன். நான் பிடிவாதம் பிடிக்கவில்லையே! நீக்கிவிட்டேனே!

ஆனால் நீக்குவது மீள்வதாகுமா? என்னிடமிருந்து நாற்பத்தொரு பேர் எடுத்துச் சென்றது அவர்களிடம் இருக்கிறதே. கொய்யா வண்டியைத் திருப்பி அனுப்பிய கிராமத்தார் எவரிடமிருந்தோ பெற்ற பாத்திரக் காணொளியையும், முதலில் பதிந்தவர் ஒருவேளை நீக்கியிருக்கக்கூடும். அதனால் இவருக்கு என்ன பயன்? அந்தத் தேர் இழுத்தவர்களில் ஒருவரை எந்த ஊரிலேனும் எவரேனும் என் படத்தைக் காட்டி இழிவாகப் பேசியிருந்தால் அந்தக் கணக்கு யாருடையது? ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்துவிடக் கூடாது என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 8-ஆவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்ற அல்ஹுஜுராத் 6-ஆவது வசனத்தை அந்த மாதம் மட்டும் எத்தனை பேருக்கு எதிராக எடுத்து எழுதியிருப்பேன்! எனக்கு எதிராக ஒருமுறைகூட அதை நான் ஓதவில்லை.

எங்கள் காலத்தில் அரபுக் கல்லூரிகளில் ரஷீதிய்யா என்றொரு கிதாபு ஓதுவோம். வாதம் செய்யும் முறைமையைக் கற்றுத் தரும் கலை அது. அன்று அதை ஒரு சுமையாகவே ஓதினேன். தேர்வு முடிந்ததும் மறந்தேன். அதில் வாதத்தை மூன்றாகப் பிரிப்பார்கள். உண்மை வெளிப்பட வேண்டும் என்பதற்காக இருவர் வாதிப்பது முனாழரா. உண்மை எதுவானாலும் எதிராளியை வீழ்த்த வேண்டும் என்று வாதிப்பது முஜாதலா. உண்மையும் வேண்டாம், வெல்லவும் வழியில்லை, தன் பெருமைக்காக மறுத்துக்கொண்டே இருப்பது முகாபரா. அந்தக் கலையில் ஒரு சின்ன விதி உண்டு. நீ பிறர் சொன்னதை எடுத்துச் சொல்பவன் என்றால், அவர் அப்படிச் சொன்னார் என்பதை நிறுவ வேண்டும். நீயே ஒன்றை வாதிடுபவன் என்றால் ஆதாரம் தர வேண்டும். இரண்டே கடமைகள்தாம். அதுவரையிலான என் எழுத்தை அந்த விதியின் முன் வைத்துப் பார்த்தேன். சீறாப்புராணம் தேறியது. பாத்திரக் காணொளி பற்றி எழுதியது தேறியது. தேர்ப் படம் தேறவில்லை, விஸ்வரூபம் தேறவில்லை. இன்னும் பல தேறவில்லை. அவற்றை இங்கே எழுதினால் கட்டுரை நீளும். எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது.

மறுநாள் லுஹருக்குப் பிறகு எழுதினேன். அந்தப் படம் 2018-ஐச் சேர்ந்தது, சரிபாராமல் நான் பதிந்தேன், அது ஒரு சமூகத்தார்மீது சுமத்திய அவதூறு, அதற்காக அல்லாஹ்விடம் தவ்பா செய்கிறேன், அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன், பகிர்ந்தவர்கள் தயவுசெய்து இந்தத் திருத்தத்தையும் பகிருங்கள் என்று எழுதினேன். பகிர்ந்தவர்களில் எனக்குத் தெரிந்தவர்களுக்குத் தனித்தனியே செய்தி அனுப்பினேன். மாணவருக்கும் குரல் பதிவு அனுப்பினேன்: ‘நேற்று நான் சொன்னது தவறு. உலக விஷயத்திற்கும் அதே சட்டம்தான்.’

நாற்பத்தொரு பேரில் ஆறு பேர் திருத்தத்தைப் பகிர்ந்தார்கள். மற்றவர்களில் சிலர் என்மீது கோபமுற்றார்கள். ‘அவர்கள் நம்மீது ஆயிரம் பொய் சொல்லும்போது நாம் ஒன்றுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா?’ என்றார் ஒருவர். ‘ஹஜ்ரத் பயந்துவிட்டார், காவல் துறையிலிருந்து அழைப்பு வந்திருக்கும்’ என்று இன்னொருவர் எழுதினார். முதல் நாள் ‘சவுக்கடி’ என்று பாராட்டியவர் அவர்தான். முத்தவல்லி தொலைபேசியில் அழைத்து, “எதுக்கு ஹஜ்ரத் இதெல்லாம்? அழிச்சாச்சுல்ல, அத்தோட விட வேண்டியதுதானே” என்றார். அவருடைய அச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. ஜமாஅத்தைச் சுமப்பவர் அவர். நான் எழுதுவது அவர் தலையில்தான் விடியும்.

காளைப் படக்காரர் ‘சரி’ என்று மட்டும் எழுதினார்.

அதன் கீழேயே, முன்பு அவர் கேட்டிருந்த கேள்விக்கும் பதில் எழுதினேன்: ‘விஸ்வரூபம் படத்தை நான் பார்க்கவில்லை.’ அரை மணி நேரத்தில் அவர் கேட்டார்: “அப்படியென்றால் ஏழு வருடமாக எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள்?” நான் மன்னிப்புக் கேட்டதும் அவர் உருகிவிடுவார் என்று என் உள்ளத்தின் ஏதோ ஒரு மூலை எதிர்பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கேள்வி என்னை அத்தனை சுட்டிருக்காது.

அந்த ரமலானில் இனி எவரோடும் இணையத்தில் வாதிடுவதில்லை என்று முடிவெடுத்தேன். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) பக்தாதின் நிஜாமிய்யாக் கல்லூரியின் உயர்ந்த ஆசிரியப் பதவியை 1095-இல் துறந்து சென்ற பின், அல்கலீல் நகரில் நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் நின்று மூன்று உறுதிகள் எடுத்தார்கள். அரசர்களின் பணத்தைப் பெறுவதில்லை, அரசவைக்குச் செல்வதில்லை, எவரோடும் தர்க்கம் செய்வதில்லை. முதல் இரண்டுக்கும் எனக்கு வாய்ப்பே இல்லை என்பதால் மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொண்டேன். பதினொரு நாள் நீடித்தது.

தான் சொல்வது சரியாகவே இருந்தாலும் தர்க்கத்தை விட்டுவிடுபவருக்குச் சுவனத்தில் ஒரு வீட்டிற்குத் தாம் பொறுப்பேற்பதாக நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அந்த வீட்டை நான் விரும்பாமல் இல்லை. ஆனால் கொய்யா வண்டி திரும்பி வந்ததையும் என்னால் மறக்க முடியவில்லை. எல்லாரும் அந்த வீட்டை விரும்பி மௌனமாகிவிட்டால் அவருக்காகப் பேசுவது யார்? வம்புக்குத் தர்க்கிப்பதும், அநீதி இழைக்கப்பட்டவருக்காக உண்மையைச் சொல்வதும் வெவ்வேறு என்று அறிஞர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்; நானும் பிரித்துக் காட்டுவேன். நள்ளிரவில் கைப்பேசியைக் கையில் வைத்திருக்கும்போது, எழுதப்போவது இரண்டில் எது என்று கண்டுபிடிப்பதுதான் எனக்கு இன்னும் கைவரவில்லை. அதனால் இரவில் எழுதுவதை மட்டும் விட்டுவிட்டேன். சுப்ஹுக்குப் பிறகும் எழுதத் தோன்றினால் எழுதுகிறேன். பெரும்பாலும் தோன்றுவதில்லை.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, தப்லீக் ஜமாஅத்தின் வெளிநாட்டு உறுப்பினர்கள்மீது பதியப்பட்ட வழக்குகளை ரத்துச் செய்தது. அவர்கள் பலிகடாக்கள் ஆக்கப்பட்டார்கள் என்றும், ஊடகங்கள் அவர்களுக்கு எதிராகப் பெரும் பிரசாரம் செய்தன என்றும் நீதிபதிகள் கருத்துரைத்தனர். அந்தத் தீர்ப்பைக் குறித்து நிதானமாக, ஆதாரத்தோடு ஒரு பதிவு எழுதினேன். பதினேழு பேர் பார்த்தார்கள். ஏப்ரலில் என்னோடு மோதிய ஒருவரும் வரவில்லை. ஏப்ரலில் என்னைப் பாராட்டியவர்களும் வரவில்லை. சண்டை முடிந்துபோன மைதானத்தில் உண்மை தனியே வந்து நின்றது. கொய்யா வண்டிக்காரர் அதற்குள் அந்தக் கிராமத்திற்கு மீண்டும் போகத் தொடங்கியிருந்தார். தீர்ப்பு வந்ததை நான் சொல்லித்தான் அவர் அறிந்தார். “அப்படியா ஹஜ்ரத்” என்றார். எடை போட்டுக்கொண்டே இருந்தார்.

காளைப் படக்காரரோடு இன்றும் பேச்சு உண்டு. எந்த ஒன்றிலும் நாங்கள் ஒத்துப்போனதில்லை. அவருடைய அரசியல் எனக்குக் கசப்பானது, என்னுடையது அவருக்கு. சில மாதங்களுக்கு முன் அவரிடமிருந்து முதன்முறையாகத் தனிச் செய்தி வந்தது. ஒரு காணொளி. நம்மவர் ஒருவர் மேடையில் நின்று, பிற சமயத்தார் வணங்கும் தெய்வங்களைப் பற்றி இழிவாகப் பேசுகிறார். “பொதுவில் போடுவதற்கு முன் உங்களிடம் கேட்கிறேன். இது உண்மையா, வெட்டி ஒட்டியதா?” என்று கேட்டிருந்தார்.

வெட்டி ஒட்டியதாக இருக்க வேண்டும் என்று துஆச் செய்தபடியே தேடினேன். இரண்டு நாட்கள் ஆயின. முழு உரை கிடைத்தது. ஒரு மணி இருபது நிமிடம், முழுவதையும் கேட்டேன். வெட்டப்பட்ட பகுதியைவிட முழு உரை மோசமாக இருந்தது. அவர்கள் அழைப்பவற்றைத் திட்டாதீர்கள் என்று அல்அன்ஆம் அத்தியாயத்தின் 108-ஆவது வசனம் தடுத்திருக்க, அந்த மேடையில் அதே வசனத்தை ஓதிக் கிராஅத்தோடு தொடங்கியிருந்தாலும் அந்தப் பேச்சாளர் நின்றிருக்க மாட்டார் என்றே தோன்றியது.

சுப்ஹுத் தொழுதுவிட்டு எழுதினேன்: ‘உண்மைதான். முழு உரையையும் கேட்டேன். இடையில் எதுவும் வெட்டப்பட்டு அர்த்தம் மாறவில்லை. அவர் பேசியது எங்கள் மார்க்கத்தில் தடை செய்யப்பட்டது. நீங்கள் பதிந்தால் இந்தப் பதிலையும் சேர்த்துப் பதியலாம்.’

அவர் இரண்டையும் சேர்த்தே பதிந்தார். அதற்குமேல் அவர் ஒன்றும் எழுதவில்லை. பத்து மணிக்கு முத்தவல்லி அழைத்தார்.